பழைய டூரிங் பைக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ராயல் என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் ட்வின்ஸ்பார்க் 350. 2011 ஆகஸ்ட் பதிவு, டி.என். 03, ஒரே ஓனர், மீட்டரில் 48,000 கி.மீ. வண்டி பளபளவென்று இருக்கிறது. திருப்பதி, ஏலகிரி என்று போய்வர வாங்கலாமா? (தண்டையார்பேட்டை)

பதில்: பளபளப்பை விடுங்கள், பாலிஷ் போட ஒரு மணி நேரம் போதும். பார்க்கப் போவதற்கு முன் விற்பவரிடம், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஆறிய பிறகு வாருங்கள். இந்த இன்ஜினில் உள்ள குறை பாதிக்குமேல் ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் தெரியும்.

இதன் பெரிய செலவு ஸ்பிராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொடுப்பது அதுதான். பேட்டரி இறங்கிய நிலையில் செல்ஃப் அழுத்தினால் இன்ஜின் முழுச் சுற்று சுற்ற முடியாமல் பின்னுக்கு உதைக்கும். அந்த அடி முழுவதும் ஸ்பிராக்கில் விழுகிறது. "கடக்" என்று உலோகச் சத்தம் வந்தாலோ, இன்ஜின் சுற்றாமல் மோட்டார் மட்டும் "உய்ங்" என்று ஓடினாலோ அது போய்விட்டது என்று அர்த்தம். இடப்பக்க மூடியைத் திறந்து செய்ய வேண்டிய வேலை அது. பாகத்தோடு கூலியும் சேரும், அதை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கையோடு ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், செல்ஃப் அழுத்தும்போது 10க்குக் கீழே போகாமல், ஓடும்போது 14 பக்கம் காட்ட வேண்டும். ஓடும்போது 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. புது பேட்டரி போட்டாலும் அதை வேகவைத்துவிடும்.

ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடி "டிக் டிக்" வந்து அடங்கினால் பயமில்லை. சூடான பிறகும் தொடர்ந்தால் விற்பவர், "டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணா போயிடும் சார்" என்பார். இந்த இன்ஜினில் இருப்பது ஆயில் அழுத்தத்தில் தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட், அட்ஜஸ்ட் செய்ய அங்கே எதுவுமே கிடையாது. ஆயில் குறைவு, இல்லையென்றால் அந்த டேப்பெட்டே கோளாறு. சொன்னவருக்கு வண்டி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

இரண்டு ஸ்பார்க் பிளக் இருப்பதால் ஒன்று செத்தாலும் வண்டி ஓடும், இழுவையும் மைலேஜும்தான் குறையும். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் கேப்பைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி அதன் உடல் இன்ஜினில் படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு அடுத்த பக்கமும் அதேபோல். எந்தப் பக்கம் கழற்றியபோது வண்டி உயிர் பிடிக்கவில்லையோ, அதற்கு எதிர்ப் பக்கத்து பிளக்கோ காயிலோ வேலை செய்யவில்லை.

புகையைக் கவனியுங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டுத் திரும்பப் பிடிக்கும்போது நீலப்புகை வந்தால் வால்வு சீல், இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். முதலாவது சின்னச் செலவு, இரண்டாவது சிலிண்டரைக் கடையும் ரீபோர் வரை போகும்.

ஓட்டிப் பார்க்க எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போட்ட பள்ளங்களே போதும். முன் ஃபோர்க் "டொக்" என்றால் ஆயில் இல்லை, அல்லது கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தேய்ந்திருக்கிறது. சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் இருந்தால் கோன்செட் மாற்ற வேண்டும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

இனி ஆர்.சி. 2011 ஆகஸ்ட் பதிவென்றால் 15 ஆண்டு 2026 ஆகஸ்ட்டோடு முடிகிறது. புதுப்பிக்க படிவம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்பே கொடுக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய், பசுமை வரி தனி, தாமதித்தால் மாதம் 300 ரூபாய் அபராதம். சோதனைக்குப் போகும்போது சேசிஸ் நம்பர் பார்ப்பார்கள். ஹேண்டில் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும் அந்த எழுத்துகளை நம் பக்கத்து உப்புக்காற்று தின்றிருக்கும். பெட்ரோல் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நம்பரை மாற்றியதாகச் சந்தேகம் வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வாங்கலாம். செயின் ஸ்பிராக்கெட், டயர், பேட்டரி, கேபிள்கள் எல்லாவற்றுக்கும் விலை விசாரித்து, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்த பிறகே பேரம் பேசுங்கள்.

கேள்வி: 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டி. "கழுவி சர்வீஸ் பண்ணியாச்சு" என்கிறார், பாதி விலைக்குத் தருகிறார். (எண்ணூர்)

பதில்: வேண்டாம். கொசஸ்தலையாற்றுப் பக்கம் அன்று வந்தது வெறும் வெள்ளமல்ல, எண்ணெய்க் கசிவும் கலந்தது. ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே ஒயர் முடிச்சுகளைப் பாருங்கள், சைடு கவர் ரப்பரின் அடியிலும் பாருங்கள். சேறும் கருப்புப் பிசுக்கும் அங்கேதான் தங்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் நின்ற கோடு தெரியும். நின்ற தண்ணீர் இன்ஜினுக்குள் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள பிக்எண்ட் பேரிங்கில் துரு பிடிக்கவைத்திருக்கும். அது கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் சத்தம் போடும். அப்படியும் ஆசை விடவில்லையென்றால் ஆயில் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். முதல் சொட்டு பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ராயல் என்ஃபீல்ட் தொழிற்சாலையில் செய்த 1998 புல்லட் ஸ்டாண்டர்டு 350 கிடைக்கிறது. நீண்ட பயணத்துக்கு ஆகுமா? (திருவொற்றியூர்)

பதில்: ஆகும், அவசரப்படாதவருக்கு. 65, 70 கி.மீ. வேகத்தில் நாளெல்லாம் ஓடும். அதற்குமேல் விரட்டினால் காஸ்ட் அயர்ன் சிலிண்டர் சூடு தாங்காது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். அது கை வரும்வரை ஜி.என்.டி. சாலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். டிரம் பிரேக் நின்று நிதானித்துத்தான் பிடிக்கும்.

வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை மாதம் ஒருமுறை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பாருங்கள். வலப்பக்க டேப்பெட் மூடியைத் திறந்து, பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்முனைக்குக் கொண்டுவந்து, ராடை இரண்டு விரலால் உருட்டுங்கள். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயின்ட் (இக்னிஷன் கான்டாக்ட்) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வாரக்கணக்கில் நின்ற வண்டி முதலில் புகைவிட்டால் பதற வேண்டாம், ஆயில் இன்ஜின் அடியில் உள்ள கிராங்க் கேஸில் இறங்கியிருக்கும். சில நிமிடத்தில் நிற்கும், நிற்காவிட்டால்தான் ரிங்.

பையில் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பாயின்ட் செட், கண்டென்சர், பிளக், டியூப், செயின் லாக் இருக்கட்டும். புதுப்பேட்டையில் எல்லாம் கிடைக்கும், நாயுடுபேட்டை தாண்டி ராத்திரியில் கிடைக்காது. ஆர்.சி. 2028 வரை புதுப்பித்திருக்கிறதா என்றும் பாருங்கள். 20 ஆண்டு தாண்டிய வண்டிக்குக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டிலிருந்து 2,000 ரூபாய்.

கேள்வி: எட்டு மாதம் முன்பு பழைய வண்டிக் கடையில் வாங்கினேன். "பேர் மாத்தித் தர்றோம்" என்று 3,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. (வியாசர்பாடி)

பதில்: முதலில் பழைய ஓனரைப் பிடியுங்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. இதை எடுத்துச் சொன்னால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் அவரே ஓடிவந்து கையெழுத்துப் போடுவார். லோன் இருந்திருந்தால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35 வேண்டும்.

கடைக்காரருக்கு 2023 ஏப்ரலிலிருந்து ஆர்.டி.ஓ. அங்கீகாரம் கட்டாயம். அங்கீகார எண்ணையும், ஓனர் வண்டியை ஒப்படைத்த 29சி படிவத்தையும் கேளுங்கள். பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கி இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில்லும், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும், வாட்ஸ்அப்பில் அவர் சொன்ன "அடுத்த வாரம்"களும்தான் சாட்சி. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் ஆணையம் எடுக்காது, சிவில் கோர்ட்தான்.

பெயர் மாறியதும் 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பழைய கார்பரேட்டர் வண்டியைக் கெடுக்குமா? (பெரம்பூர்)

பதில்: தினமும் ஓடும் வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நிற்கும் வண்டியில்தான் தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுத்து டேங்கில் துரு பிடிக்கவைக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் டியூபையும், டேங்கைத் திறந்து மூடும் காக்கின் ஓரிங்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள். இரண்டு வாரத்துக்குமேல் நிறுத்தும்போது காக்கை மூடி, கார்பரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் பவுலின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் டேங்க் நிறைய இருக்கட்டும்.