மேற்கு நாடுகளில் வளரும் சோமாலிப் பிள்ளைகளிடம் அவர்களுடைய பண்பாடு மிஞ்சுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தைப் பார்த்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். ரொறன்ரோவிலும் மினியாபொலிஸிலும் சோமாலிப் பெடியன்கள் சொந்த மொழி தெரியாமல் கும்பல்களில் சேர்ந்து திரிகிறார்கள், அந்தச் சமூகம் தோற்றுவிட்டது, நாங்கள் அதைப் பார்த்துப் பாடம் படிக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கும், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருக்கும், அந்தப் பயத்தில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் "தோற்றுவிட்டது" என்று நீங்கள் எழுதியது எனக்குச் சுட்டது.

நான் சோமாலி இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1994 முதல் 2006 வரை ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில், டிக்சன் வீதித் தொடர்மாடி ஒன்றில் குடியிருந்தேன். கணவருக்கு விமான நிலையத்தில் வேலை, அதனால் அந்த இடம். அங்கே வரிசையாக நிற்கும் கட்டடங்களை நகரத்தில் "குட்டி மொகடிசு" என்பார்கள், மொகடிசு சோமாலியாவின் தலைநகர். எங்கள் மாடியில் தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான். வெளியாள் உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கீழே கருத்து எழுதுவார்கள். எழுதட்டும். நான் ஆராய்ச்சி செய்தவள் இல்லை. பன்னிரண்டு வருடம் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள், அவ்வளவுதான்.

கும்பல் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் கட்டடத்திலேயே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். ஆனால் அதே 1990களில் ஸ்காபரோவில் எங்கள் பெடியன்கள் வாளோடு திரிந்ததை மறந்துவிட்டு அடுத்த வீட்டைப் பற்றிக் கதைக்க எனக்கு மனம் வராது.

சோமாலியருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 1991 ஜனவரியில் சோமாலியாவை ஆண்ட சியாத் பாரேயின் ஆட்சி விழுந்தபோது அரசாங்கமே இல்லாமல் போனது. கடவுச்சீட்டோ பிறப்புச் சான்றிதழோ கொடுக்க ஒரு அலுவலகம் கிடையாது. கனடா இவர்களை அகதிகள் என்று ஏற்றுக்கொண்டது, ஆனால் நிரந்தர வதிவுரிமைக்கு அடையாளப் பத்திரம் கொண்டுவா என்றது. 1997இல்தான் ஒரு வழி திறந்தார்கள். பத்திரம் இல்லாத சோமாலியரும் ஆப்கானியரும் 5 வருடம் காத்திருக்கலாம் என்றார்கள். அந்த வருடங்களில் பிள்ளைகளுக்குப் படிப்புக் கடன் கிடைக்காது, பிரிந்திருக்கும் கணவனைக் கூப்பிட முடியாது. எங்களிடம் ஓரம் கிழிந்ததென்றாலும் ஒரு அடையாள அட்டை இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் அதுவும் இல்லை. அவருடைய கணவர் கென்யாவின் நைரோபியில் இருந்து வந்து சேர்ந்தபோது மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது. வந்தவரை அவன் வாசலில் நின்று யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். தகப்பன் சொல் கேளாத பிள்ளை என்று பிறகு அவனைச் சொன்னவர்களுக்கு இது தெரியாது.

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். சோமாலியில் அயேயோ என்றால் பாட்டி. ஒட்டகம் மேய்த்த குடும்பத்தில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. அவர் பேரனை "அயேயோ" என்று கூப்பிடுவார். பேரனைப் போய்ப் பாட்டி என்கிறாரே என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, சோமாலிக் குடும்பங்களில் பெரியவர்கள் தங்கள் உறவுப்பெயராலேயே பிள்ளையையும் கூப்பிடுவார்கள். தாய் தன் பிள்ளையை "ஹோயோ" என்பாள், அது அம்மா என்ற சொல். நாங்கள் மகனை "என்ர அப்பு" என்பதும் மகளை "அம்மா" என்பதும் கிட்டத்தட்ட இதுதானே.

தாயின் சகோதரிக்கு அவர்கள் சொல்லும் "ஹபர்யர்" என்ற சொல்லைப் பிரித்தால் சின்னம்மா என்று வரும். தகப்பனின் சகோதரி "ஏத்தோ". மாமாவும் சித்தப்பாவும் எங்களைப்போல வேறு வேறு. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நான் யார் என்று பிள்ளைகள் கேட்டபோது அயேயோ கொஞ்சம் யோசித்து, இவள் உங்கள் அம்மாவின் பக்கம் என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து நான் அந்த மாடிக்கே ஹபர்யர். பெயரும் எங்களைப் போலத்தான். குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தன் பெயர், தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர். இங்கே படிவம் நிரப்பும்போது இரண்டு வீட்டாரும் ஒரே கட்டத்தில் வந்து முழித்துக்கொண்டு நிற்போம்.

காலைச் சாப்பாட்டைக் கண்டு நான் அசந்துபோனேன். அஞ்சேரோ என்று, புளிக்கவைத்த மாவைக் கல்லில் சுழற்றி ஊற்றிச் சுடுவது. ஒரு பக்கம்தான் சுடுவார்கள், மேலே அப்பம்போலக் கண்கண்ணாக வரும். அதற்கு மேல் நல்லெண்ணெய் விட்டுச் சீனி தூவுவார்கள். எங்கள் வீட்டில் சின்ன வயதில் தோசைக்கு நாங்கள் செய்தது அதேதான். அவர்கள் ஊரில் அந்த எண்ணெயை ஒட்டகம் பூட்டிய செக்கில் ஆட்டுவார்களாம்.

இனி அந்த மூத்த பெடியனைப் பற்றி. இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் அயேயோவும் அவனும் விளையாடுவது கேட்கும். அவர் ஒரு எழுத்தைச் சொல்வார், இன்றைக்கு "த" என்று வையுங்கள். அவன் ஒரு வரி சொல்ல வேண்டும், அதில் "த"வில் தொடங்கும் சொல் இருக்க வேண்டும். அடுத்த வரியிலும் அதே எழுத்து. பாட்டு முடியும்வரை எழுத்து மாறக் கூடாது. அதற்கு "ஹிக்காத்" என்று பெயர். பாடசாலையில் நாங்கள் மோனை என்று படித்துப் பரீட்சைக்குப் பிறகு மறந்ததை அந்த வீட்டில் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் நடுவில் செய்துகொண்டிருந்தார்கள். சோமாலி மொழிக்கு 1972இல்தான் அரசாங்க எழுத்து என்று லத்தீன் எழுத்து வந்தது. 1974இல் உயர்வகுப்பு மாணவர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிச் சனத்துக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்பு மிகப் பெரும்பாலான பாட்டுகள் மனதில்தான் இருந்தன, பிறகு கசெற்றில் இருந்தன. 1973 முதல் 1978 வரை சிறையில் இருந்த ஹத்ராவி என்ற பெரும் கவிஞரின் குரலை அயேயோ ஒரு பழைய டேப்பில் கேட்பார், கேட்கும்போது யாரும் கதைக்கக் கூடாது.

இதை எழுதும்போது வேறொன்று நெஞ்சில் இடிக்கிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு ஒன்பது வயதில் ஒரு குறள் மனனப் போட்டி. நாற்பது குறள் பிழையில்லாமல் சொன்னாள். ஒரு குறளுக்காவது பொருள் கேட்டார்களா என்றால் இல்லை. முடிந்ததும் அவளாகவே நடுவரிடம் போய், "மாமா, எனக்கு ஏன் புள்ளி குறைஞ்சது?" என்று தமிழில் கேட்டாள். அவளுடைய ழகரத்தை அவர் திரும்பச் சொல்லிக் காட்டினார், மண்டபத்தில் முன்வரிசையே சிரித்தது. மகளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அன்றைக்குப் பிறகு தமிழ் மேடை ஒன்றிலும் ஏறவில்லை. சங்கங்களையும் ஆசிரியர்களையும் குறை சொல்ல வந்தவள் என்று என்னை நினைக்க வேண்டாம், சம்பளம் இல்லாமல் உழைக்கும் நல்லவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கஷ்டப்பட்டுத் திறந்த வாயைச் சிரித்து மூடவைத்தது பெரியவர்கள்தான். பக்கத்து வீட்டிலும் இதே நடந்தது. அவனுக்குப் பதின்மூன்று வயதில், ஊரில் இருந்து புதிதாக வந்த உறவுக்காரர் ஒருவர் அவனுடைய சோமாலியைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். இரவு விளையாட்டு அந்தக் கிழமையோடு நின்றது.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் திரிந்தான். ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் தாய் என்னிடம், இவனை "டக்கன் எலிஸ்" அனுப்பட்டுமா என்று கேட்டார். பண்பாட்டுக்குத் திருப்புவது என்று பொருள். வழி தவறுகிறான் என்று நினைக்கும் பிள்ளையைச் சோமாலியாவுக்கோ நைரோபியில் சோமாலியர் நிறைந்த ஈஸ்ட்லி பகுதிக்கோ உறவினரிடம் அனுப்புவது. அனுப்புங்கோ, ஊர்க் காற்றுப் பட்டால் திருந்துவான் என்று சொன்னேன். நான் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. 2002இல், அவனுக்குப் பதினைந்து வயதில், விடுமுறை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் ஈஸ்ட்லியில் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டுத் தாய் தனியாகத் திரும்பினார்.

இரண்டரை வருடம். சித்தப்பா நல்ல மனிதர், அடித்தது கிடையாது. பூட்டி வைத்து அடிக்கும் இடங்களும் உண்டென்று பின்னாளில் செய்திகளில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவன் திரும்பி வந்தபோது சோமாலி ஆறுபோல ஓடியது. ஆனால் தாயோடு ஒரு வருடம் ஆங்கிலத்தில் மட்டும்தான் கதைத்தான். தெரிந்துகொண்டே. அவர் சோமாலியில் கேட்பார், இவன் ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடிப்பான். பள்ளிக்கூடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டி வந்தது, விட்டுவிட்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனான். அனுப்பியதால் உருப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களே வந்து சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. நான் கண்டது இது.

அவனைத் திருப்பியது அயேயோவின் கசெற்றுகள். நாடா ஒட்டிக்கொண்டு அறுகிறது என்று அவர் அழுதார், இவன் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றத் தொடங்கினான். மாற்றும்போது கேட்டுத்தானே ஆக வேண்டும். ஈஸ்ட்லிச் சந்தைச் சோமாலியில் இல்லாத சொற்கள் வந்தன. பாட்டியிடம் கேட்டான். அவருக்கு அத்தனையும் தெரிந்திருந்தது. வேலைக்கூட்டாளிகள் இரண்டு மூன்று பேர் ஞாயிறுகளில் வரத் தொடங்கினார்கள். பழையபடி சுவருக்கு அந்தப் பக்கம் எழுத்து விளையாட்டுக் கேட்டது, இந்த முறை பெரிய ஆம்பிளைக் குரல்களில்.

எனக்கு அப்போது வந்த வேதனையை யாரிடமும் சொன்னதில்லை. 1992, 93இல் என் அம்மா ஊரில் இருந்து குரலைப் பதிந்து ஆட்களிடம் கொடுத்தனுப்பிய கசெற்றுகள் ஐந்து என்னிடம் இருந்தன. வெற்றுக் கசெற் வாங்கக் காசு பார்த்து, அவற்றின் மேல் சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டேன். அம்மா 1998இல் போய்விட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. முஸ்லிம் என்பது போதும், ஆட்டமும் பாட்டும் எதற்கு என்பவர்கள் உண்டு. தகப்பன்வழிப் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கும் "அப்திர்ஸி"யைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காத தாய்மார் உண்டு. குலம் கேட்டுக் கொன்ற போரைக் கண்ணால் கண்டவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் மினியாபொலிஸில் 2013இல் சோமாலி அருங்காட்சியகம் திறந்தார்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் நடனக்குழுவாக ஆடுகிறார்கள். லண்டனில் வருடாவருடம் சோமாலி வாரம் நடக்கிறது. 2010 உலகக்கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது உலகமே பாடிய பாட்டைப் பாடிய கெய்னான், எங்கள் டிக்சனுக்குப் பக்கத்து றெக்ஸ்டேலில் வளர்ந்த அகதிப் பெடியன். அவருடைய பாட்டனார் கவிஞர், மகூல் என்ற புகழ்பெற்ற பாடகி அவருக்கு நெருங்கிய உறவு. ஆங்கிலத்தில் பாடினாலும் அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், நான் அந்த எழுத்து விளையாட்டைக் கேட்டவள்.

உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியோ உயிரோடு இருந்தால் போனை எடுத்துப் பதியுங்கள், பிள்ளையின் கையால் பதிய விடுங்கள். கதை சொல்லுங்கோ என்று கேட்காதீர்கள், எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். ஒரு பொருளைக் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளியது எதில், மாட்டுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பெடியன் அயேயோவிடம் முதலில் கேட்டது, ஒட்டகத்தின் கழுத்தில் கட்டும் மரமணிக்கு என்ன பெயர் என்றுதான். "கோர்" என்றார். பிறகு அந்த மணியை எந்த மரத்தில் செதுக்குவார்கள், எந்த ஒட்டகத்துக்குக் கட்டுவார்கள், இருட்டில் அந்தச் சத்தத்தை வைத்துத் தன் தகப்பன் எப்படித் தங்கள் மந்தையைக் கண்டுபிடிப்பார் என்று இரவு பதினொரு மணிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவன் அன்று இரவு வேலைக்குப் போகவில்லை.