ஏற்காட்டுத் தபால்: மருமகன் ஏன் ஜூனிலேயே மரம் ஏறுகிறார்?

போன இதழில் அமெரிக்காவின் மிச்சிகனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்ததைப் பற்றியும் அங்கே அடுத்த வீட்டு வேட்டைக்காரருக்கு ஏணி பிடித்ததைப் பற்றியும் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான், காபித் தோட்டத்தைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரவேண்டிய கேள்வியெல்லாம் மானைப் பற்றி வந்துவிட்டது. சரி, இந்தத் தடவை வேட்டை. காபிக் காய்ப்புழுவைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

“என் மகளும் மருமகனும் மிச்சிகனில் இருக்கிறார்கள். மருமகன் மே மாதம் ஒரு வில் வாங்கினார். அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் பின்னால் நின்று அம்பு விடுகிறார். சனி, ஞாயிறானால் யாரோ ஒரு பெரியவரோடு காட்டுக்குள் போய் மரம் ஏறுகிறாராம். மான் வேட்டையோ நவம்பரில்தானாம். நவம்பருக்கு ஜூனில் என்ன வேலை? பைத்தியம் கியித்தியம் பிடித்துவிட்டதா என்று மகள் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?” (அம்மாப்பேட்டை வாசகி, சேலம்)

பைத்தியமெல்லாம் இல்லை அம்மா. ஒழுங்கான ஆளாகத்தான் தெரிகிறார். ஜூனில் சும்மா இருந்துவிட்டு நவம்பர் 14 ராத்திரி துப்பாக்கியைத் துடைக்கிற ஆளென்றால்தான் நான் பயப்படுவேன்.

மிச்சிகனில் துப்பாக்கி மான் வேட்டை நவம்பர் 15 முதல் 30 வரை. என்ன கிழமையானாலும் தேதி மாறாது. வில்லுக்கு அக்டோபர் 1-லேயே தொடங்கிவிடும். நம்மூர் ஆண்கள் கார்த்திகை பிறந்து மாலை போட்டுக் கறுப்பு உடுத்துகிற அதே வாரத்தில், அந்த ஊர் ஆண்கள் ஆரஞ்சு உடுத்திக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவரை ஒருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக ஆரஞ்சு. அது சட்டம். விரதம் மட்டும் கிடையாது.

என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் என் வயதுக்காரர், எழுபது தாண்டியவர். எனக்கு அங்கே பொழுது போகவில்லை, அவருக்கு ஏணி பிடிக்க ஆள் இல்லை. இரண்டும் சேர்ந்துகொண்டது. ஜூன் முதல் வாரம் அவருடைய நிலத்தை ஒட்டிய காட்டுக்குக் கூட்டிப்போனார். ‘ட்ரீ ஸ்டாண்ட்’ என்று அவர் சொன்னதைப் போய்ப் பார்த்தால், நம்முடைய பரண்தான். தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கட்டினோமே, அதேதான். பதினைந்தடி இரும்பு ஏணி, உச்சியில் ஓர் ஆள் உட்காரப் பலகை, மரத்தோடு சேர்த்துக் கட்ட நைலான் பட்டை.

கீழேயிருந்து பார்க்க அந்தப் பட்டை புதுசு மாதிரி இருந்தது. அவர் மேலே போகவில்லை. ஏணியின் அடிப்பட்டையை மட்டும் அவிழ்த்து என் கையில் கொடுத்து மடக்கச் சொன்னார். மடக்கினேன். அப்பளம் போலச் சத்தம் வந்தது. வெயில் பட்ட பக்கம் நார் நாராகப் பிரிந்து கையில் பொடி ஒட்டியது. ஓரத்தில் அணில் கடித்த தடம். மரத்துக்கும் ஒரு வருஷ வயது கூடியிருக்கிறது இல்லையா, பட்டை இறுகிப் போய்த் தோலுக்குள்ளேயே புதைந்திருந்தது. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு கட்டினார். வருஷா வருஷம் இந்த வேலை உண்டாம். அங்கே வேட்டையில் அடிபடுகிறவர்களில் நிறையப் பேர் குண்டு பட்டவர்கள் அல்ல, பரணிலிருந்து விழுந்தவர்கள்.

அதனால் உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள். “ஏன் போகிறீர்கள்” என்று கேட்க வேண்டாம், “இடுப்பு, தோள், தொடை மூன்றையும் பிடிக்கிற பாதுகாப்பு வார் வாங்கியாயிற்றா, தரையில் கால் இருக்கும்போதே கயிற்றில் மாட்டிக்கொள்கிறீர்களா” என்று கேட்கச் சொல்லுங்கள். மேலே போன பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்கிறவர்கள்தான் விழுகிறார்கள். வில்லையும் கையில் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. மேலே உட்கார்ந்த பிறகு கயிறு கட்டித் தூக்கிக்கொள்ள வேண்டும்.

தினமும் அம்பு விடுவதும் வீண் இல்லை. இருபது கெஜத்தில் தொடங்கி முப்பது, நாற்பது என்று போவார்கள். ஒரு நாளைக்கு நூறு அம்பு விட்டால் தோள்பட்டைதான் போகும். பத்துப் பன்னிரண்டை நிதானமாக விட வேண்டும். தரையில் நின்று பழகினது பரணில் உதவாது என்பதால் எங்கள் பெரியவர் வண்டிக் கொட்டகைக் கூரையில் ஏறி உட்கார்ந்து விடுவார். ஆகஸ்ட் வெயிலில், கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு! என் மகள் ஜன்னலில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். விஷயம் என்னவென்றால், குளிருக்குத் தடித்த சட்டை போட்டால் வில் நாண் கைப்பகுதியில் உரசி அம்பு விலகும். அதை நவம்பரில் மான் முன்னால் கண்டுபிடித்து என்ன பயன்?

அப்புறம் கேமரா. மரத்தில் கட்டிவிட்டால் ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும். வடக்குப் பார்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் காலை, மாலை வெயில் கண்ணில் அடித்துப் படம் வெளுத்துவிடும். முன்னால் இருக்கிற புல்லை அறுக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் அறுக்காமல் வந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எண்ணூற்றுச் சொச்சம் படம், அத்தனையும் காற்றில் ஆடுகிற புல். அறுத்த பிறகுதான் இடது காது கிழிந்த ஒரு பெரிய கடா கிடைத்தது. கோடையில் அந்த மானின் கொம்பு எலும்பாகத் தெரியாது. பூனை மயிர் போல மெத்தென்ற தோல் மூடி வளரும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் அதை மரத்தில் தேய்த்து உரித்துவிடும்.

ஜூனில் காட்டுக்குப் போகிறவர் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளட்டும், திரும்பியதும் உடம்பெல்லாம் உண்ணி பார்க்கட்டும். நம் மலை அட்டை ரத்தம் குடித்துவிட்டு விழுந்துவிடும். அந்த உண்ணி லைம் என்கிற காய்ச்சலைக் கொடுத்துவிட்டுப் போகும்.

காகித வேலையும் கோடையிலேயே முடிய வேண்டும். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் அங்கே உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும். மருமகன் எச்-1பி மாதிரி விசாவில் இருந்தால் இன்னொன்று: அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக விடுவதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வில் இந்தக் கணக்கில் வராது. இருந்தாலும் துப்பாக்கியைத் தொடுமுன் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்வது நல்லது. வேட்டை ஆசையில் விசாவை இழக்க வேண்டாம்.

“நானும் மிச்சிகன்தான், சொந்த ஊர் ஆத்தூர். பரணுக்குக் கீழே இப்போதிருந்தே மக்காச்சோளம் கொட்டி மானைப் பழக்கலாம் என்று நண்பன் சொல்கிறான். செய்யலாமா? கறி எப்படி இருக்கும்?” (டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஒரு தம்பி)

கொட்டாதே தம்பி. நீ இருக்கிற கீழ்த் தீபகற்பத்தில், அதாவது மிச்சிகனின் தெற்குப் பகுதியில், 2019-லிருந்து தீனி போட்டு வேட்டையாடத் தடை. மான்களுக்கு மூளையைத் தின்கிற ஒரு மெலிவு நோய் வருகிறது. மிச்சிகன் காட்டு மான்களில் அதை 2015-ல் கண்டுபிடித்தார்கள். ஒரே குவியலில் பத்து மான் வாய் வைத்தால் பரவ வசதி. ஆனால் நிலத்தை உழுது குளோவர் என்கிற தீவனச் செடி, டர்னிப் கிழங்கு விதைத்து மேய விடலாம், அது விவசாயம். எங்கள் பெரியவர் ஆகஸ்ட் தொடக்கத்தில் விதைத்தார். கொட்டினால் குற்றம், விதைத்தால் சரி என்பது எனக்கும் முதலில் விளங்கவில்லைதான். விதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அந்த வருஷத்துப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்.

நோய் உள்ள பகுதியில் அடித்தால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை கறியை உறைபெட்டியில் வை. மனிதருக்கு அந்த நோய் வந்ததாக இதுவரை இல்லை. ஆனாலும் நோயுள்ள கறியைத் தின்னாதே என்றுதான் அங்கே சொல்கிறார்கள்.

கறியில் கொழுப்பே இருக்காது. பழைய வருஷத்துக் கறி கொஞ்சம் பெரியவர் கொடுத்தார். என் மகள் அதைப் பள்ளிபாளையம் பாணியில் சின்ன வெங்காயம், கிள்ளிய மிளகாய், தேங்காய்ப் பல் போட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் செய்தாள். பெரியவர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். மறுநாள் பாத்திரத்தோடு வந்தார்.

“நம் சேர்வராயன் மலையில் இப்படிப் பரண் கட்டி வேட்டையாட உரிமம் எங்கே கிடைக்கும்? முயல் மட்டும் போதும்.” (நாகலூர் வாசகர், ஏற்காடு)

எங்கேயும் கிடைக்காது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் வாங்கி அடிக்கிற வழியும் மூடிவிட்டது. முயலும் அதில் சேர்த்தி. ‘திருவிழா வழக்கம்’ என்று சொல்லிப் பார்க்கிறவர்களும் அபராதம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆனால் உங்கள் கேள்வி எனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறது. என் அப்பா எஸ்டேட்டில் ரைட்டர். 1968-ல், எனக்குப் பதினாலு வயது, உரிமம் வைத்திருந்த துரையோடு பன்றிக்குப் போனபோது என்னையும் சேர்த்துக்கொண்டார். காபிச் சரிவுக்கு மேலே பரண். அன்று தலைக்கு எண்ணெய் வைத்து, சந்தன சோப்புப் போட்டுக் குளித்து, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி போனேன். அப்பா என்னை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து எருக்கம் பஞ்சு ஓர் இழை எடுத்து விட்டார். அது என் தலையைத் தாண்டி மிதந்து மெதுவாகப் பள்ளத்தில் இறங்கியது, பன்றி வரவேண்டிய தடத்தின் மேலேயே. “உன் வாசனை உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது, நீ வீட்டுக்குப் போ” என்றார். மலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேட்டுக்கு ஏறும். பொழுது சாயச் சாயக் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். காலையில் சரியான பரண் சாயங்காலம் தப்பான பரண்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகி, மிச்சிகனில் அக்டோபரில் அந்தப் பெரியவர் ஒரு காயை உடைத்து வெள்ளைப் பஞ்சை விரலால் பிய்த்துக் காற்றில் விட்டார். எருக்கின் வம்சத்துச் செடிதான், அங்கே மில்க்வீட் என்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கு ஏன் என்று தெரியாது. ஒவ்வாமை என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்.

உங்களுக்குப் பட்டா நிலத்தில் காபி இருந்தால் ஒரு கேமரா வாங்கிக் கட்டுங்கள். மரநாய், கீரி, முள்ளம்பன்றி, யோகம் இருந்தால் காட்டெருமை. காப்புக்காட்டுக்குள் மட்டும் வனத்துறை அனுமதியில்லாமல் போகாதீர்கள். காட்டெருமையை நேரில் பார்த்தால் படம் எடுக்க நிற்காதீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

“இரண்டு ஏக்கர் மரவள்ளி. பன்றி ஒரு ராத்திரியில் பாதியைக் கிளறிவிட்டது. சுடலாம் என்று இப்போது சட்டம் வந்துவிட்டதாமே?” (வாழப்பாடி விவசாயி)

உங்களுக்கு வரவில்லை ஐயா, வனத்துறைக்கு வந்திருக்கிறது. 2025 ஜனவரி அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறை ஆட்கள் சுடலாம். உங்கள் நிலம் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பார்த்துக்கொண்டு, சேதத்தைப் படம் எடுத்து, ரேஞ்சர் ஆபீசில் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். இழப்பீட்டுக்கும் சேர்த்தே கொடுங்கள். யாராவது கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் கொண்டுவந்து தந்தாலும், வேலியில் கரண்டு விடச் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பன்றிக்கு வைத்ததில் மாடு செத்ததும் ஆள் செத்ததும் உங்களுக்குத் தெரியாததில்லை.

“தாத்தா காலத்துக் காட்டெருமைக் கொம்பு வீட்டில் மாட்டியிருக்கிறது. விற்றால் நல்ல விலை தருவதாக ஒருவர் சொல்கிறார்.” (அஸ்தம்பட்டி வாசகர்)

அந்த ஒருவரோடு பேச்சை நிறுத்துங்கள். உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பெட்டியில் தேடுங்கள். இருந்தால் வாரிசாக வைத்துக்கொள்ளலாம், விற்க முடியாது. இல்லாவிட்டால் ஒரு வக்கீலோடு வனத்துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

“கடைசியில் உங்கள் மிச்சிகன் பெரியவர் மான் அடித்தாரா, இல்லையா?” (செவ்வாய்ப்பேட்டை, மேட்டூர், ஓமலூர் என்று பதினோரு பேர்)

எனக்கு ஆறு மாதம் முடிந்து நவம்பர் 9-ல் விமானம். டிசம்பரில் அவர் என் மகளுக்கு ஒரு படம் அனுப்பினார், அவள் எனக்கு அனுப்பினாள். பனி. நாங்கள் கட்டிய பரண். அதன் ஏணிக்குக் கீழேயே, இடது காது கிழிந்த அந்தக் கடா. கேமராவில் அடித்திருந்த நேரம் டிசம்பர் 3, விடியற்காலை 2.40. துப்பாக்கிப் பருவம் முடிந்து மூன்றாம் நாள். படத்துக்குக் கீழே ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ஜூனில் ஏணி பிடிக்க வருகிறீர்களா?

டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.