புகார் மூடப்பட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது, மெஷின் மட்டும் ஓடவில்லை

கேள்வி: வணக்கம் சார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கும்பகோணத்தில் ஒரு ஷோரூமில் 2024 தீபாவளிக்கு ₹31,490 கொடுத்து ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கினேன். இரண்டு வருட வாரண்டி. 2025 ஜூனில் பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது. கதவும் திறக்காது, உள்ளே தண்ணீரோடு துணி ஊறிக்கொண்டு கிடக்கும். கம்பெனி ஆள் வந்து போர்டை மாற்றினார். சில வாரங்களில் மறுபடி அதே கதை. அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனி இணையதளத்தில் புகார் பதியப் போனால், மெஷினில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையே ‘தவறான எண்’ என்கிறது. சாட்பாட் எதைக் கேட்டாலும் முதல் மெனுவுக்கே திரும்பிவிடுகிறது. மெயில் போட்டால், ‘இந்த முகவரிக்கு வரும் கடிதங்கள் படிக்கப்படுவதில்லை’ என்று தானியங்கி பதில். எப்படியோ போனில் ஒரு புகார் எண் வாங்கினேன். இரண்டாம் நாளே ‘வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, புகார் மூடப்பட்டது’ என்று எஸ்எம்எஸ். எனக்கு ஒரு மிஸ்டு கால்கூட வரவில்லை. கடைக்காரர், ‘விக்கிறதோட எங்க வேலை முடிஞ்சுது மேடம், சர்வீஸ் கம்பெனிதான்’ என்கிறார். இப்படி யாரையுமே அணுக முடியாமல் வைத்திருப்பதற்கே வழக்குப் போட முடியுமா? கடைக்காரரையும் சேர்க்கலாமா? டுவிட்டரில் போட்டு நாறடிக்கலாம் என்கிறான் மகன். அதுவரை வெளி மெக்கானிக்கிடம் காட்டலாமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அந்த எஸ்எம்எஸ் பற்றியது. அதை அழித்துவிடாதீர்கள். உங்களுக்கு எரிச்சல் மூட்டிய அதே வரிதான் நாளை நுகர்வோர் ஆணையத்தின் முன் உங்களுக்காகப் பேசப்போகிறது. வாரண்டிக் காலத்துக்குள் நீங்கள் புகார் செய்தீர்கள், அது கம்பெனியின் கணக்கில் ஏறியது, பழுது பார்க்காமலே மூடினார்கள். மூன்றையும் அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். இணையதளம் மோசமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. ஆனால் வாரண்டி என்பது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த ஒப்பந்த வாக்குறுதி. அதை நிறைவேற்றக் கேட்கும் வழிகளை எல்லாம் அடைத்துவைத்தால், வாக்குறுதியையே மீறியதாகத்தான் ஆகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11) ‘சேவைக் குறைபாடு’ என்று சொல்வது, ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதையும் சேர்த்துத்தான். போர்டு மாற்றியும் அதே பழுது வருகிறது என்பது பிரிவு 2(10)-இன் கீழ் பொருளில் உள்ள குறை. இந்த இரண்டையும் பிரதானமாக வையுங்கள். சாட்பாட் கதையெல்லாம் மனஉளைச்சலுக்கான இழப்பீட்டுப் பகுதியில் வரட்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்; மனுவில் நாலு பக்கம் கால்சென்டர் புராணம், மெஷினில் என்ன கோளாறு என்பது ஒரே வரி. படிப்பவருக்கு விஷயம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

இனி அந்தப் படிவத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். கடைசியாக ஒருமுறை திறந்து, ‘தவறான எண்’ என்று வரும் திரையையும், மெஷினில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையும் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணில் இருப்பது பூஜ்யமா, ஆங்கில ‘ஓ’ எழுத்தா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதே குழப்பத்தில் புகார் ஏறாமல் போன ஆட்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள், பாவம் கம்பெனியைத் திட்டிக்கொண்டே.

அடுத்து முகவரி. கம்பெனிகள் தங்களை எவ்வளவு ஒளித்துக்கொண்டாலும் சட்டம் சில இடங்களில் முகத்தைக் காட்ட வைத்திருக்கிறது. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இன்படி, பெட்டியின் மேலேயே நுகர்வோர் புகாருக்கு யாரைத் தொடர்புகொள்வது, அவர் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். உங்கள் மெஷின் வந்த அட்டைப்பெட்டி பரணில் கொலு பொம்மைகளோடு இருக்கலாம், இறக்கிப் பாருங்கள். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் கவலையில்லை. கம்பெனிகள் பதிவு விதிகள் 2014-இல் விதி 26 என்று ஒன்று இருக்கிறது. இணையதளம் வைத்திருக்கும் கம்பெனி, பதிவு அலுவலக முகவரி, நிறுவன அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல், குறைகளுக்கு அணுக வேண்டியவர் பெயர் ஆகியவற்றை முகப்புப் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். வெளியிடவில்லை என்றால் அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இல்லையா, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் பதிவு அலுவலக முகவரியும் மின்னஞ்சலும் வந்துவிடும்.

மின்வணிக விதிகள் 2020 பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள்: குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பது அதில்தான் வருகிறது. கம்பெனியின் சொந்தத் தளத்திலோ ஆன்லைன் விற்பனைத் தளத்திலோ வாங்கியவர்கள் இதைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். நீங்கள் கடையில் வாங்கியதால் இது உங்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. நோட்டீஸில் இதை எழுதி எதிர்தரப்புக்கு ஒரு சுலபமான மறுப்பைக் கொடுக்க வேண்டாம்.

கூகுளில் ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று தேடி மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். கம்பெனி போனை எடுக்காத இடத்தில்தான் மோசடிக்காரன் கடை விரிக்கிறான். ‘பத்து ரூபாய் பதிவுக் கட்டணம்’ என்று லிங்க் அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை ஒருமுறை முயன்று பாருங்கள். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பல பெரிய கம்பெனிகள் இந்த ஏற்பாட்டில் பங்குதாரர்களாக இருப்பதால் புகார் நேரே அவர்கள் மேசைக்குப் போய்விடும். ‘இணையதளத்தில் தொலைந்த புகார் இங்கே கிடைத்துவிட்டது சார்’ என்று சிரித்த கட்சிக்காரர்கள் உண்டு. ஆனால் கம்பெனிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஒரு வாரம் பத்து நாள் பார்க்கலாம். அசையவில்லை என்றால் அந்தப் பதிவு எண்ணும் உங்கள் ஆவணத்தில் சேரட்டும்.

அப்புறம் நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். வக்கீல் வேண்டும் என்பதில்லை, நீங்களே எழுதலாம். கம்பெனி அலுவலகம் வெளி மாநிலத்தில் என்றால் ஆங்கிலத்தில் இருப்பது நல்லது. சாரம் இவ்வளவு போதும்:

“இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், ₹31,490-க்கு இந்த மாடல், இந்த சீரியல் எண் கொண்ட இயந்திரத்தை வாங்கினேன். 2025 ஜூனில் பழுதாகி உங்கள் ஊழியர் போர்டை மாற்றினார். அதே பழுது மீண்டும் வந்துள்ளது. இன்ன எண்ணில் பதிந்த என் புகார், யாரும் வராமலே மூடப்பட்டுள்ளது. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பழுதை முழுமையாக நீக்கவும். இயலாவிட்டால் புதிய இயந்திரம் தரவும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

கோபம் ஒரு வரிகூட வேண்டாம். கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, ஷோரூமுக்கு ஒன்று, இரண்டையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். டெலிவரி ஆனதை அஞ்சல் துறைத் தளத்தில் பார்த்து அன்றைக்கே பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

கடைக்காரரைக் கட்டாயம் சேருங்கள். பணம் வாங்கிப் பில் போட்டது அவர். உங்களோடு விற்பனை ஒப்பந்தம் செய்தவரும் அவரே. ‘விக்கிறதோட வேலை முடிஞ்சுது’ என்பதைச் சட்டம் அப்படியே ஏற்காது. நடைமுறையிலும் இதில் லாபம் உண்டு. கடைக்கு நோட்டீஸ் போனதும் அவர் கம்பெனியின் ஏரியா மேனேஜரைப் போனில் பிடிப்பார், அந்த எண் அவரிடம் நிச்சயம் இருக்கும். பல வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ₹50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்தான். விலை ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், நேரிலும் கொடுக்கலாம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘வழக்குகள் டெல்லி நீதிமன்றங்களுக்கு மட்டுமே உட்பட்டவை’ என்பது போல ஏதாவது இருந்தால் மிரள வேண்டாம். நுகர்வோர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று பிரிவு 34 சொல்கிறது. 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. 2020 ஜூலையில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு கிடைத்தது.

இங்கே ஒரு சின்ன திருப்தியும் உங்களுக்கு உண்டு. இணையதளத்தில் மாதக்கணக்கில் வாய் திறக்காத கம்பெனி, ஆணையத்தின் நோட்டீஸுக்கு அப்படி இருக்க முடியாது. பதிலுரைக்கு 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதைத் தாண்டி நீட்டிக்க ஆணையத்துக்கே அதிகாரமில்லை என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ‘உற்பத்திக் குறை எதுவும் இல்லை, பயன்படுத்தியதில்தான் தவறு’ என்று அவர்கள் வாதிட்டால், மெஷினை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பக் கேட்கலாம். வழக்கை மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் போய்வாருங்கள். புது மெஷினோடு திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு கேட்பது? விலையைத் திருப்பித் தருவது அல்லது புது மெஷின், மனஉளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம் கேட்டால் பத்து லட்சம் கிடைத்துவிடாது. ₹31,490 மெஷினுக்கு அப்படிக் கேட்கும் மனுவைப் பார்த்ததும் உறுப்பினர்களுக்கு உங்கள்மேல் இருக்கும் அனுதாபம் கொஞ்சம் குறையும்.

ஒரு காலக்கெடு மட்டும் கவனம். வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2025 ஜூனில் இருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் மெயிலும் நினைவூட்டலும் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. கம்பெனி ‘பார்க்கிறோம் மேடம், பார்க்கிறோம் மேடம்’ என்று இழுப்பது சில நேரம் அதற்காகத்தான். வாரண்டி நடுவில் முடிந்துவிட்டால் பயம் வேண்டாம். புகார் வாரண்டிக்குள் பதிவானதா என்பதைத்தான் பார்ப்பார்கள்.

மகன் சொன்ன யோசனையைப் பற்றி. சமூக வலைதளத்தில் போடலாம், தவறில்லை. பில் தேதி, புகார் எண், நடந்தது, அவ்வளவோடு நிறுத்தச் சொல்லுங்கள். ‘திருட்டுக் கம்பெனி’, ‘ஏமாற்றுக்காரர்கள்’ என்று எழுதினால், அவதூறு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு நாமே வழி காட்டியதாகிவிடும். உங்கள் போன் எண், பில்லின் படம் எதையும் பொதுவில் போட வேண்டாம். நான் மேலே சொன்ன மோசடிக்காரர்கள் இந்தப் பதிவுகளைத்தான் மேய்கிறார்கள். கம்பெனி பெயரில் முதலில் பதில் சொல்வது அவர்களாகவும் இருக்கலாம்.

நோட்டீஸ் போன பிறகு திடீரென்று ஆள் வந்து நிற்பார். வரட்டும், வேலை செய்யட்டும். என்ன பார்த்தார், எதை மாற்றினார் என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். கிளம்பும்போது ‘உங்க போனுக்கு ஒரு ஹேப்பி கோட் வந்திருக்கும், சொல்லுங்க மேடம்’ என்பார். மெஷின் ஒரு முழு சுற்று ஓடி, தண்ணீர் வடிந்து, கதவு திறக்கிற வரை அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், ‘வாடிக்கையாளர் திருப்தி அடைந்தார், இதோ அவரே கொடுத்த குறியீடு’ என்று அதைப் பதிலுரையில் இணைப்பார்கள்.

கடைசியாக வெளி மெக்கானிக். நோட்டீஸுக்குக் கொடுத்த 15 நாள் முடிகிற வரை யாரையும் திறக்க விடாதீர்கள். ‘வெளியாள் கை வைத்தால் வாரண்டி செல்லாது’ என்ற நிபந்தனையைக் காட்டி நழுவப் பார்ப்பார்கள், ஆய்வகச் சோதனையும் கெட்டுப்போகும். அதற்கு மேலும் துணி துவைக்காமல் சமாளிக்க முடியாது என்றால், ‘இன்ன தேதியில் வெளியில் பழுதுபார்க்கப் போகிறேன், செலவு உங்களைச் சேர்ந்தது’ என்று கம்பெனிக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டுச் செய்யுங்கள். மெக்கானிக்கிடம் என்ன கோளாறு என்று எழுதிய பில் வாங்குங்கள். கழற்றிய பழைய போர்டை அவர் கொண்டுபோக விடாமல் ஒரு பையில் போட்டு, மேலே தேதி எழுதி வீட்டிலேயே வையுங்கள்.