துட்டு வந்த ஊரில்

தம்பி, பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து நெதர்லாந்தின் ராட்டர்டாம் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், டச்சு கற்றே ஆகணுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். நான் காசிமேட்டுக்காரன். இங்கே வந்து பதினாறு வருஷம்.

கட்டாயம் கற்றுக்கொள். இலக்கணத்தில் தொடங்காதே, பிடித்த வார்த்தைகளில் தொடங்கு. சில வார்த்தைகளை நீ ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாய். நாம் சொல்லும் துட்டு, டச்சுக்காரர்களின் டவுட் என்ற பழைய செப்புக்காசு. கக்கூஸும் இவர்களுடையதுதான். நம் வீட்டுக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டி வியாபாரம் செய்தவர்கள் இவர்கள். இது தெரிந்த அன்றைக்கே டச்சு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

முதலில் 'லெக்கர்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள். ருசி என்று அகராதி சொல்லும், அது பாதிதான். சூப்பும் லெக்கர், வெயிலும் லெக்கர், நன்றாகத் தூங்கி எழுந்தால் தூக்கமும் லெக்கர். நம் ஏரியாவில் மீன் குழம்புக்கும் புதுச் சட்டைக்கும் கடல் காற்றுக்கும் 'சோக்கா கீது' என்போமே, அதேதான். நான் முதலில் தைரியமாகச் சொன்ன டச்சு வார்த்தையும் இதுதான், சந்தையில் பொரித்த மீன் விற்பவரிடம். அவர் இன்னும் இரண்டு துண்டு சேர்த்துப் போட்டார்.

யார் வீட்டுப் பிறந்தநாளுக்காவது கூப்பிட்டால் போய்விடு. பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்து சொன்னால் போதாது. அவர் அம்மா, தம்பி, வந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் என்று வட்டமாக எல்லாருக்கும் கைகொடுத்து 'ஹெஃபெலிசிடேர்ட்' சொல்லணும். அந்த 'ஹெ' தொண்டையிலிருந்து வரணும், பழகப் பழக வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'ஸ்டெர்க்தெ'. பலம் என்று அர்த்தம். அப்பா தவறிய செய்தி ராத்திரி வந்தது. விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். கீழ்வீட்டு அம்மா, எழுபது வயதிருக்கும், சத்தம் கேட்டு நைட்டியோடு கதவைத் திறந்தார். என்ன ஆச்சு என்று என் அரைகுறை டச்சில் சொன்னேன். என் முழங்கையைப் பிடித்து 'ஸ்டெர்க்தெ' என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அழாதே என்றோ, எல்லாம் சரியாகிவிடும் என்றோ சொல்லவில்லை. விமானம் முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷனுக்குப் போகிறவருக்கும், வேலை போனவருக்கும் இதைத்தான் சொல்கிறார்கள். இதை ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு இறங்கியிருக்காது.

அப்புறம் ஒன்று. நீ திக்கினால் கடைக்காரர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவுவார், உதவி செய்வதாக நினைத்து. 'நான் டச்சு பழகுகிறேன்' என்று டச்சிலேயே சொல்லிவிடு. முக்கால்வாசிப் பேர் சந்தோஷமாக மெதுவாகப் பேசுவார்கள்.

கடற்கரையில் காற்று மனசைத் துடைத்துவிடும்படி நடப்பதற்கென்றே இவர்களிடம் தனி வார்த்தை இருக்கிறது: 'அவுட்வாயென்'. மெட்ரோ பி லைனில் ஏறினால் ஹூக் ஃபன் ஹோலன்ட் கடற்கரையிலேயே இறக்கிவிடும். இந்த ஞாயிறு காலை வா, சேர்ந்து போகலாம். குல்லா மறக்காதே, காசிமேட்டுக் காற்று மாதிரி இருக்காது.