கணவரிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, வேலை ஜேர்மனியில்: மனைவி ஏ1 எழுத வேண்டுமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் பாரிஸ் வந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவன். மூன்று ஆண்டுகளாக டோர்ட்முண்டில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். அண்மையில் நல்லூரில் திருமணம் நடந்தது. மனைவிக்கு விசா கேட்டபோது ஜேர்மன் மொழி ஏ1 சான்றிதழ், வீட்டின் சதுர மீட்டர் கணக்கு, கட்டணம் எல்லாம் கேட்கிறார்கள். மனைவி வகுப்பில் சேர்ந்துவிட்டார். தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் நண்பரின் மனைவியும் ஏ1 எழுதித்தான் வந்தார். "ஜேர்மனியில் இருந்தால் ஜேர்மன் சட்டம்தான்" என்கிறார் அவர். "உங்களுக்கு ஐரோப்பியச் சட்டம்" என்கிறான் என் தம்பி. யார் சொல்வது சரி? தேர்வு முடியும்வரை காத்திருக்கவா?
- வாசகர், டோர்ட்முண்ட்

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. உங்கள் மனைவிக்கு ஏ1 தேவையில்லை. வீட்டை அளந்து காட்டத் தேவையில்லை. விசாவுக்குக் கட்டணமும் கிடையாது.

நண்பரும் பொய் சொல்லவில்லை, தனக்கு நடந்ததைச் சொல்கிறார். ஜேர்மனியில் ஜேர்மானியரின் மனைவிக்குக் கிடைக்காத சலுகை பிரெஞ்சுக்காரரின் மனைவிக்குக் கிடைக்கிறது. கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். சட்டம் படித்த காலத்தில் நானும் நம்பவில்லை. காரணம் எல்லை. சொந்த நாட்டிலேயே இருக்கும் ஒருவரின் குடும்ப விவகாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் அந்த நாட்டிடமே விட்டுவிடுகிறது. ஜேர்மனி 2007இல் தன் வதிவிடச் சட்டத்தில் மொழி நிபந்தனையைச் சேர்த்தது. நண்பரின் மனைவி அதற்குள் வந்தார். நீங்களோ ஓர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இன்னோர் உறுப்பு நாட்டுக்கு வேலைக்கு வந்தவர். உங்களோடு சேர வரும் மனைவிக்கு 2004/38 என்ற ஐரோப்பியப் பணிப்புரை பொருந்தும்.

இது பிரஸ்ஸல்ஸில் எவரோ எழுதி ஜேர்மனியின் தலையில் கட்டிய சட்டம் அல்ல. ஐரோப்பிய ஆணையம் 2001இல் வரைவை முன்வைத்தது. ஐரோப்பிய நாடாளுமன்றமும், உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அமரும் அவையும் சேர்ந்து 2004 ஏப்ரல் 29 அன்று அதை நிறைவேற்றின. அந்த மேசையில் ஜேர்மனிக்கும் நாற்காலி இருந்தது.

ஐரோப்பியச் சட்டங்களில் நீங்கள் அறிய வேண்டியவை இரண்டு வகை. ஒழுங்குவிதி என்றால் ஒரு சொல் மாறாமல் எல்லா நாடுகளிலும் நேரே செல்லும். விமானம் தாமதமானால் இழப்பீடு தரும் 261ஆம் எண் ஒழுங்குவிதி அப்படிப்பட்டது. பணிப்புரை என்றால் அடைய வேண்டிய பலன் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ஒவ்வொரு நாடும் குறித்த தேதிக்குள் தன் மொழியில் தனக்கான சட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் 2004/38 பணிப்புரைக்குத் தேதி 2006 ஏப்ரல் 30. ஜேர்மனி எழுதி வைத்திருக்கும் சட்டத்தின் பெயர் 'ஃப்ரைசூகிக்கைட்ஸ்கெசெட்ஸ்', அதாவது சுதந்திர நடமாட்டச் சட்டம்.

உங்கள் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மொழி நிபந்தனை இருப்பது வதிவிடச் சட்டத்தில். உங்கள் மனைவிக்கு உரியது சுதந்திர நடமாட்டச் சட்டம். விண்ணப்பத்தைப் பார்த்தவர் தவறான புத்தகத்தைத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே ஐரோப்பியச் சட்டம் மேலா, ஜேர்மன் சட்டம் மேலா என்று நீங்கள் வாதாடவே வேண்டாம். ஜேர்மன் சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது.

அந்த வாதம் தேவைப்பட்டாலும் பதில் இருக்கிறது. 1964இல் மிலான் நகரத்துக் கோஸ்டா என்பவர் இரண்டாயிரம் லிராவுக்கும் குறைந்த மின்கட்டணத்தைக் கட்ட மறுத்து வழக்காடியபோதுதான், உள்நாட்டுச் சட்டம் மோதினால் ஐரோப்பியச் சட்டமே நிற்கும் என்று லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பணிப்புரையின் தெளிவான வாசகத்தைத் தனிமனிதரே அரசுக்கு எதிராகக் காட்டலாம் என்பதை 1974இல் சொன்னது. உங்களுக்கு நெருக்கமானது 2008இன் மெட்டொக் வழக்கு. துணைவர் முன்பே வேறொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும் என்று அயர்லாந்து வைத்திருந்த நிபந்தனை அதில் விழுந்தது; திருமணம் எங்கே, எப்போது நடந்தாலும் சரி என்றது நீதிமன்றம். நல்லூரில் நடந்தாலும்தான். பிறப்பால் பிரெஞ்சுக்காரர் அல்லர் என்று எவராவது முணுமுணுத்தால் பொருட்படுத்த வேண்டாம்: ஒரு நாடு கொடுத்த குடியுரிமையை மற்ற நாடு சோதித்துப் பார்க்க முடியாது என்பது 1992 முதல் தீர்ந்த விஷயம்.

இனிச் செய்ய வேண்டியது. இணையப் படிவத்தில் 'குடும்ப ஒன்றிணைவு' என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் அங்கேதான் வழுக்குகிறார்கள். 'ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்' என்று புதிதாக விண்ணப்பியுங்கள். ஜேர்மன் மொழியில் ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். அதில் பணிப்புரையின் 5ஆம் உறுப்புரை 2ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள்: இந்த விசா இலவசம், விரைந்து தரப்பட வேண்டும் என்று சொல்வது அதுதான். உங்கள் கடவுச்சீட்டின் பிரதி, வேலை ஒப்பந்தம், அண்மைய சம்பளச் சீட்டுகள், டோர்ட்முண்டில் பதிந்த முகவரிச் சான்று, வெளியுறவு அமைச்சு உறுதிப்படுத்திய திருமணப் பதிவு, அதன் மொழிபெயர்ப்பு ஆகியவை போதும். போலித் திருமணம் என்ற சந்தேகம் எழுந்தால் மட்டும் கேள்வி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்போது கோபப்படாமல் படங்களைக் காட்டுங்கள்.

மறுத்தால் எழுத்தில், காரணத்துடன் கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொல்லும் 'இல்லை'யை வைத்து எந்த நீதிமன்றத்திலும் ஒன்றும் செய்ய முடியாது. எழுத்து மறுப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். சொல்விட் என்ற இலவச ஐரோப்பியச் சேவையிலும் முறையிடலாம். ஆனால் அங்கே முறையிட்டால் அந்த ஒரு மாதக் கெடு நிற்காது. இதை மறந்து உரிமையை இழந்தவர்கள் உண்டு. லக்சம்பேர்க்குக்கு நீங்களாகப் போக முடியாது. ஐயம் எழுந்தால் பெர்லின் நீதிபதிதான் அங்கே கேள்வி அனுப்புவார். பதில் வர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும்.

மனைவி வந்து சேர்ந்ததும் வதிவிட அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆறு மாதத்துக்குள் தர வேண்டும். வேலை செய்யத் தனி அனுமதி வேண்டாம். பின்னாளில் இருவரும் பாரிஸ் திரும்பினாலும் இந்த உரிமை உங்களோடு வரும். 1992இல் அதை வென்று தந்தவர் சுரீந்தர் சிங் என்ற இந்தியர். பிரிட்டிஷ் மனைவியோடு ஜேர்மனியில் வேலை பார்த்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். இதைப் படிக்கும் லண்டன் வாசகர்கள் ஆசைப்பட வேண்டாம்: 2020 முடிந்தபின் ஜேர்மனிக்கு வரும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்தக் கதவு மூடிவிட்டது.

உங்கள் மனைவி ஜேர்மன் வகுப்பைத் தொடரட்டும். டோர்ட்முண்டில் கடைக்குப் போகவே அது உதவும். தேர்வுத் தேதிக்காக மட்டும் விண்ணப்பத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.