பிளேட் கவசத்தோடு கடலில் விழுந்தால் பாலடின் மூழ்குவாரா?

கேள்வி: நாங்கள் பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் (5ஆம் பதிப்பு, 2014 விதிகள்) அடுத்து கடல் பயணத்துக்குப் போகிறது. என் கேரக்டர் ஒரு பாலடின் (புனித வீரர்), 5ஆம் லெவல். ஸ்ட்ரெங்த் (வலு) 16, கான்ஸ்டிடியூஷன் (தாங்கும் திறன்) 14, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 10, அத்லெடிக்ஸில் (நீந்துதல், ஏறுதல் போன்றவை) தேர்ச்சி உண்டு. உடம்பில் பிளேட் கவசம் (முழு எஃகுத் தகடு), கையில் கேடயம், லாங்ஸ்வார்டு. "கப்பலிலிருந்து விழுந்தால் கல்லைக் கட்டிப் போட்ட மாதிரிதான்" என்கிறார் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்). விதி அப்படியா சொல்கிறது? முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: விதி அப்படிச் சொல்லவில்லை. 5ஆம் பதிப்பில் கவசத்துக்கும் நீச்சலுக்கும் நேரடி முடிச்சு எதுவும் போடப்படவில்லை. பிளேட் தருகிற தொல்லைகள் இரண்டுதான்: ஒளிந்து நகரும் ஸ்டெல்த் செக்கில் (பகடைச் சோதனையில்) டிஸ்அட்வான்டேஜ் (இரு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), ஸ்ட்ரெங்த் 15க்குக் கீழே இருந்தால் வேகத்தில் 10 அடி குறைவு. உங்களுக்கு 16 இருப்பதால் இரண்டாவதும் இல்லை.

நீச்சல் வேகம் தனியாக இல்லாத எவருக்கும் தண்ணீரில் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு அடி செலவாகும். ஆக ஒரு டர்னுக்கு (உங்கள் முறைக்கு) 30 அடி என்ற வேகம் 15 ஆகிறது. டேஷ் (வேறெதுவும் செய்யாமல் இரு மடங்கு நகர்வது) எடுத்தால் ஒரு டர்னில் 30. துணி மட்டும் உடுத்திய மந்திரவாதிக்கும் இதே கணக்குதான். அமைதியான நீரில் பகடையே உருட்ட வேண்டாம். அலையும் சுழலும் இருந்தால் மட்டும் அத்லெடிக்ஸ் செக் கேட்க டிஎம்முக்கு உரிமை உண்டு. பிளேட்டில் தேர்ச்சி இல்லாதவர் அதை மாட்டிக்கொண்டு விழுந்தால் கதை வேறு: ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி சார்ந்த எல்லாச் செக்கிலும் டிஸ்அட்வான்டேஜ், மந்திரமும் போட முடியாது.

உங்கள் மேசையில் சுமை பற்றிய விருப்ப விதி நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன்படி ஸ்ட்ரெங்த்தை 5ஆல் பெருக்கி வரும் எடையைத் தாண்டினால் வேகம் 10 அடி குறையும். உங்களுக்கு அந்த எல்லை 80 பவுண்டு. பிளேட் 65, கேடயம் 6, லாங்ஸ்வார்டு 3, மொத்தம் 74. முதுகில் பயணப் பை ஏறினால் எல்லை தாண்டிவிடும். எனவே விழுந்ததும் முதலில் பையைக் கழற்றி விடுங்கள், கவசத்தை அல்ல.

உண்மையான ஆபத்து எடையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. மூச்சடக்கும் நேரம் 1 நிமிடமும் கான்ஸ்டிடியூஷன் மாடிஃபையரும் (அந்த எண் தரும் கூட்டல்) சேர்ந்தது. 14க்கு மாடிஃபையர் 2, ஆக 3 நிமிடம். அது தீர்ந்தபின் இரண்டு ரவுண்டு (ஒன்று 6 விநாடி) தாங்கலாம். அடுத்த டர்ன் தொடங்கும்போது ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யம், மூச்சு கிடைக்கும்வரை யாராலும் உங்களை நிலைப்படுத்தவும் முடியாது. கனமான கவசத்தைக் கழற்ற 5 நிமிடம், அதாவது 50 ரவுண்டு. நீருக்குள் தனியாளாகக் கழற்ற முனைந்தால் எல்லா வாரும் அவிழ்வதற்குள் கதை முடிந்துவிடும். பக்கத்தில் ஒருவர் உதவினால் நேரம் பாதியாகி இரண்டரை நிமிடம். மூச்சுக் கணக்குக்குள் மயிரிழையில் அடங்குகிறது. ஆனால் அதே 3 நிமிடத்தில் பிளேட்டோடு நீந்தினால் 450 அடி, எல்லா டர்னிலும் டேஷ் எடுத்தால் 900 அடி போகலாம். புத்தகப்படி ஆடும் மேசையில் கவசத்தைத் தொடவே தொடாதீர்கள், மேலே வாருங்கள். கேடயத்தை விட மட்டும் ஓர் ஆக்‌ஷன் போதும்.

ஆனால் நிஜ உலகக் கணக்கில் உங்கள் டிஎம் சும்மா சொல்லவில்லை. 65 பவுண்டு என்பது சுமார் 29.5 கிலோ. எஃகின் அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ 7.85 மடங்கு, ஆகவே அந்தக் கவசம் 3.75 லிட்டர் நீரைத்தான் விலக்கும். மீதி 25 கிலோவுக்கு மேல் கீழே இழுக்கும். நுரையீரல் நிறையக் காற்றை இழுத்தாலும் மனித உடம்பின் மிதப்பு சில கிலோதான். கல்லோடு மிதந்தவர் அப்பர் ஒருவர்தான், அவருக்கும் பதிகம் தேவைப்பட்டது. உள்ளே போடும் பஞ்சு மெத்தை அங்கியைப் பற்றிப் பலரும் தப்பாகவே நினைக்கிறார்கள்: அது குடித்த நீர் தண்ணீருக்குள் இருக்கும்வரை எடையாகத் தெரியாது. முதலில் பஞ்சுக்குள் சிக்கிய காற்று சற்றுத் தாங்கவும் செய்யும். கயிற்றைப் பிடித்துக் கப்பல் பக்கவாட்டில் ஏறும்போதுதான் அத்தனை நீரும் தோளில் உட்காரும். டிஎம் செக் கேட்க வேண்டிய இடம் அதுதான். அதே சமயம் கவச நீச்சலே கட்டுக்கதை என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானியப் பாரம்பரிய நீச்சல் கலையில் சாமுராய்க் கவசத்தோடு நீந்துவது ஒரு தனிப் பயிற்சி.

உங்கள் டிஎம்முக்கு யதார்த்தம் வேண்டுமென்றால், கப்பல் கிளம்பும் முன்பே ஒரு மேசை விதியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் பரிந்துரைப்பது இது: அமைதியான நீரில் ஒன்றும் வேண்டாம். கொந்தளிப்பில் டிசி (எட்ட வேண்டிய எண்) 15 அத்லெடிக்ஸ், கனக் கவசத்துக்கு டிஸ்அட்வான்டேஜ். தோற்றால் நகர முடியாது. 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால் 10 அடி கீழே இறங்குவார். உங்கள் பாலடினுக்குப் பகடையோடு கூட்ட +6. சாதாரணமாக 60 சதவீதம் தேறும், டிஸ்அட்வான்டேஜில் 36 சதவீதம். பயம் இருக்கும், ஆனால் ஒரே உருட்டலில் கேரக்டர் செத்துப்போகாது. கத்தியால் வார்களை அறுத்துக் கவசத்தை 1 நிமிடத்தில் உதறலாம், ஆனால் பழுது பார்க்கும்வரை அது பயன்படாது என்ற வழியையும் சேர்த்துக் கேளுங்கள்.

டிஎம் பழைய 3.5 பதிப்பில் ஆடி வளர்ந்தவராக இருந்தால் அவர் பயத்துக்குக் காரணம் புரியும். அதில் ஃபுல் பிளேட்டின் செக் பெனால்டி (பகடையில் கழிக்கும் எண்) −6, நீச்சலுக்கு இரட்டித்து −12. நீச்சலில் முழு ரேங்க் (பயிற்சிப் புள்ளி) 8 போட்ட 5ஆம் லெவல் ஃபைட்டருக்கும் (போர்வீரருக்கும்) ஸ்ட்ரெங்த் 16ஓடு சேர்த்து மிஞ்சுவது −1. அசையாத நீரில்கூட (டிசி 10) பாதிக்குப் பாதிதான் தேறும். 30 சதவீதம் தலை உள்ளே போய்விடும். அதிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் ஆட்டத்தின் முதல் பதிப்பு அந்த இரட்டிப்பை எடுத்துவிட்டது.

ஏற்பாடுகளில் முதலிடம் வாட்டர் பிரீதிங் மந்திரத்துக்கு. 3ஆம் லெவல், பத்துப் பேர் வரை, 24 மணி நேரம். கூட்டத்தில் விஸார்டு அல்லது ட்ரூயிட் இருந்தால் காலையில் ரிச்சுவலாக (நிதானமான சடங்காக) போடச் சொல்லுங்கள், ஸ்லாட் (மந்திரம் போடும் இருப்பு) செலவே இல்லை. ஆனால் அது மூச்சை மட்டும் தரும், நீச்சல் வேகத்தைத் தராது. வாட்டர் வாக் மந்திரம் போட்டால் மூழ்கியவர் ரவுண்டுக்கு 60 அடி மேலே வருவார். வாங்க முடிந்தால் மரினர்ஸ் ஆர்மர் என்ற மந்திரக் கவசத்தைத் தேடுங்கள்: நடை வேகமே நீச்சல் வேகமாகும், நீருக்குள் மயங்கிக் கிடந்தாலும் டர்னுக்கு 60 அடி மேலே தூக்கும்.

காசு இல்லையா? கப்பலில் இருக்கும்வரை ஹாஃப் பிளேட் போடுங்கள். டெக்ஸ்டெரிட்டி 10க்கு ஆர்மர் கிளாஸ் (உங்களைத் தாக்க எட்ட வேண்டிய எண்) 18லிருந்து 15 ஆகும், ஆனால் 1 நிமிடத்தில் கழற்றிவிடலாம். கைவசம் ஓர் ஈட்டியும் குத்துவாளும் இருக்கட்டும். நீச்சல் வேகம் இல்லாதவர் நீருக்குள் லாங்ஸ்வார்டு வீசினால் டிஸ்அட்வான்டேஜ். குத்துவாள், ஷார்ட்ஸ்வார்டு, ஈட்டி, ஜாவலின், திரிசூலம் ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை கிடையாது.