ஊருக்குள் ஓட்ட ஆஃப்-ரோடு வண்டி: கடன் வாங்கலாமா?

கேள்வி: சார், பெரிய ஆஃப்-ரோடு எஸ்யூவி மேல் எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஏழு வருடக் கடனில் வாங்கலாம் என்றிருக்கிறேன், தவணை கையைக் கடிக்காது. ஓட்டம் நகரத்துக்குள்தான், வருடத்தில் ஓரிரு முறை மலைப் பக்கம் போவேன். மனைவிதான் "தெருவில் நடக்கிறவர்களுக்கு ஆபத்து, வேண்டாம்" என்கிறார். அதை விடுங்கள், பணக் கணக்குப்படி சரியா?

பதில்: அதை விட முடியாது, அவர் சொல்வதற்கும் பணக் கணக்குக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. என் பதில்: வாங்காதீர்கள்.

எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். லோ ரேஞ்ச் கியர் (செங்குத்திலும் சேற்றிலும் மெதுவாக, பலமாக இழுப்பதற்கு), தடித்த டயர், நான்கு சக்கர இயக்கம், இதெல்லாம்தான் விலையை ஏற்றுகிறது. இப்படிப்பட்ட பல வண்டிகளில் வரும் பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவை (தேவைப்படும்போது மட்டும் லீவரால் போட்டுக்கொள்ளும் நான்கு சக்கர இயக்கம்) காய்ந்த தார்ச்சாலையில் போடவே கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், திருப்பத்தில் டயர் இழுபடும், உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் அடிவாங்கும். ஆக, வருடத்தில் ஓரிரு முறை தவிரத் தொடாத லீவருக்கு மாதாமாதம் வட்டி கட்டுவீர்கள். எடையை மட்டும் தினமும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். நடுத்தரக் காரைவிட எஸ்யூவி சராசரியாகச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக எரிபொருள் குடிக்கிறது என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. டயர், காப்பீடு எல்லாம் தனி.

இப்போது உங்கள் மனைவி சொன்னதற்கு வருவோம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் (எஞ்சின் மூடி) 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி ஒருவர் மேல் மோதினால், பானட் உயரம் 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ இருந்து முகமும் சரிந்த கார் மோதுவதைவிட அவர் சாகும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த கார் காலில் அடிக்கும், இது நெஞ்சிலும் தலையிலும் அடிக்கும். ஷோரூமில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு சின்னப் பிள்ளையை பம்பரை ஒட்டி முன்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள், தலைமுடியாவது தெரிகிறதா என்று.

பெரிய வண்டிகள் மீதான இந்த எதிர்ப்பு இப்போது பில்லாகவும் வர ஆரம்பித்துவிட்டது. பாரிஸில் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, 1.6 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள வெளியூர் கார்களுக்கு நகர மையத்தில் பார்க்கிங் கட்டணத்தை மணிக்கு 18 யூரோ ஆக்கினார்கள் (மின்சாரக் காருக்கு வரம்பு 2 டன்). பிரான்சில் புதிய காரின் எடைக்கே வரி உண்டு. 2022-ல் 1,800 கிலோவுக்கு மேல் என்று தொடங்கி 2024-ல் 1,600 ஆக இறக்கினார்கள். நீங்கள் ஏழு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள், அதற்குள் உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று வந்தால் முதலில் விழுவது மறுவிற்பனை விலைதான். ஏற்கெனவே நீண்ட கடனில் ஆரம்பத் தவணைகள் வட்டிக்கே அதிகம் போகும், வண்டி மதிப்போ அப்போதுதான் வேகமாகச் சரியும், நடுவில் விற்க நேர்ந்தால் கையிலிருந்து போட்டுக் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? நான்கு வருடத்துக்குள் கடன் முடிகிற மாதிரி தாழ்வான, அளவான கார் ஒன்றைப் பாருங்கள். மலைக்குப் போகும் நாட்களுக்கு ஃபோர் வீல் டிரைவை வாடகைக்கு எடுங்கள், ஆசையும் தீரும், அது ஓட வேண்டிய இடத்திலும் ஓடும். புக்கிங் பணம் ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், ரத்து விதியைப் படித்துவிட்டு வண்டி உங்கள் பெயரில் பதிவாகும் முன்பே பேசிவிடுங்கள்.